சுவரில் நான்கு கட்டங்கள்: திருகோணமலை இளையோரும் ஊர்ப் படக்கதையும்

திருகோணமலையில் எந்தச் சுவரும் நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு, கோவில் திருவிழா, தனியார் வகுப்பு, தேர்தல் முகம் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முதலில் பார்ப்பது கண்ணீர் அஞ்சலியைத்தான். யார் இவர், எந்த ஊர், யாருடைய தகப்பன் என்று நின்று வாசிப்பார். பக்கத்தில் நிற்பவரிடம் விசாரிப்பார். உறவுமுறை துலங்கிய பிறகே நகர்வார். புத்தகம் வாங்காதவரும் சுவரை வாசிக்கும் ஊர் இது. தங்கள் ஊர்ப் பிரச்சினைகளைப் படக்கதையாக வரைய முன்வந்திருக்கும் இளையோருக்கு இந்தப் பழக்கமே பெரிய கொடை.

வடிவம் எளிது. இரண்டு ஏ4 தாள்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரு சிறு சுவரொட்டி. அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டம் ஆளையும் இடத்தையும் காட்டும். இரண்டாவதில் சிக்கல் முளைக்கும். மூன்றாவதில் அது முற்றும், அல்லது வேறு பக்கம் திரும்பும். நான்காவதில் கதை ஓரிடத்தில் நிற்கும். கறுப்பு மை, வெள்ளைத் தாள், வண்ணம் இல்லை. போட்டோப் பிரதி எடுக்கும் கடையில் வண்ணத்துக்குக் காசு கூடுதல். வரைபவர் தேர்ந்த ஓவியராக இருக்கவேண்டியதில்லை. ஆனால் எதை வரைகிறாரோ அதற்குள் வாழ்பவராக இருக்கவேண்டும். வரைந்த தாள் முதலில் ஒட்டப்படுவதும் அவருடைய ஊரில்தான்: சனசமூக நிலையத்தில், சங்கக்கடை வாசலில், பாடசாலை மதிலில், மீன் ஏலம் போகும் இடத்தில். கண்காட்சி மண்டபமும் இணையமும் அதற்குப் பிறகு.

இந்த முறைக்கு இன்றைய உருவம் கிடைத்தது 1990களில். பின்லாந்தைச் சேர்ந்த லைஃப் பக்கலென் ஆபிரிக்க நாடுகளில் தொண்டு அமைப்புகளோடு பட்டறைகள் நடத்தினார். இந்தியாவில் கேலிச்சித்திரக்காரர் சரத் சர்மா அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். இருவரும் ஒரே விடயத்தைக் கண்டுகொண்டார்கள். ஊரைப் பற்றி வெளியாள் வரைந்த படத்தை ஊரார் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊர்ப் பிள்ளை வரைந்ததென்றால் நின்று பிழை பிடிக்கிறார்கள். பிழை பிடிக்கத் தொடங்கும்போதே பேச்சும் தொடங்கிவிடுகிறது.

நமக்கும் படக்கதை புதிதல்ல. சுந்தர் என்ற பெயரில் வரைந்த சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ ஈழத்துத் தமிழரின் வீட்டையும் வளவையும் பெருமையையும் பாசாங்கையும் கோட்டில் பிடித்தது. அவர் வரைந்த சவாரித்தம்பர் என்ற பாத்திரத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் பலர். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் கடல் கடந்து வந்து இங்கும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. சிங்கள வாசகர்களிடையே சித்திரக்கதைப் பத்திரிகைகள் ஒரு காலத்தில் பெருவாழ்வு வாழ்ந்தன. ஆகவே கட்டம், பேச்சுக் குமிழ், அடுத்த கட்டத்துக்குத் தாவும் கண் எல்லாம் இங்கே மூன்று தலைமுறைக்குப் பழக்கமானவை. ஆனால் அந்தக் கதைகளின் நாயகன் எப்போதும் வேறு எங்கிருந்தோ வந்தான். மூதூர்க் கடற்கரையிலோ தம்பலகாமத்து வயல் வரம்பிலோ அவன் நின்றதில்லை.

திருகோணமலையைப் பற்றி வெளியே எழுதப்படுவதை எடுத்துப் பாருங்கள். இயற்கைத் துறைமுகம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள். 2022 ஜனவரியில் அந்தக் குதங்கள் பிரிக்கப்பட்டபோது 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்ற கணக்குக் கொழும்பிலும் டெல்லியிலும் பெரிய செய்தியானது. அந்தக் கணக்கு முக்கியமானதுதான். ஆனால் அதில் மனிதர் எவரும் இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 பேர் வாழ்ந்தார்கள். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என மூன்று சமூகங்கள். எந்த ஒன்றும் பாதியைத் தாண்டவில்லை. ஒருவருக்கொருவர் அடுத்த தெருவில் வாழ்ந்துகொண்டு, அடுத்தவரின் கதையைக் கேள்விச் செவியால் மட்டும் அறிந்துகொண்டிருக்கும் ஊர். இப்படிப்பட்ட இடத்தில் நான்கு கட்டப் படக்கதைக்கு இருக்கும் வேலை, ஒரே இனம் ஒரே மொழி வாழும் ஊரில் இருப்பதைவிடக் கனமானது; சிக்கலானதும்கூட.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் போய்ப் பார்ப்போம். கிழக்கில் ‘பாதை’ என்றால் வீதி மட்டுமல்ல. ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். திருகோணமலையிலிருந்து தெற்கே போகும் வழியில் ஒரு காலத்தில் இறங்கி ஏறாமல் போக முடியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அந்த வாழ்க்கை முடிந்தது என்று எல்லோரும் நம்பினோம். முழுவதும் முடியவில்லை. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி மூடப்பட்டிருந்த காலத்தில் மக்கள் மீண்டும் மிதவையில் ஏறினார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளோடு அந்தப் பாதை கவிழ்ந்தது. சிறுவர்கள் உட்பட உயிர்கள் போயின.

இதை ஓர் இளைஞர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கை போவது விபத்துக்குத்தான்: கவிழ்ந்த மிதவை, நீரில் கைகள், கரையில் அலறும் தாய். எவரும் அதைத்தான் முதலில் வரைவார்கள். ஆனால் ஊரார் அதை ஏற்கெனவே அறிவார்கள்; பலர் கண்ணால் கண்டவர்கள். அந்த வீட்டுக்காரர் தினமும் கடந்து போகும் சுவரில் அந்தப் படத்தை ஒட்டுவது கொடுமையும்கூட. நல்ல பட்டறையில் மற்றப் பிள்ளைகள் இந்த இடத்தில் கேள்வி கேட்பார்கள். அந்தக் காலைக்கு முன்பு என்ன இருந்தது? பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பினாள்? பாதையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போக எவ்வளவு காசு, எவ்வளவு நேரம்? பாலம் எப்போது முடியும் என்று கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது? இந்தக் கேள்விகளுக்குப் பின்னர் கதை மாறிவிடும். முதல் கட்டத்தில் உம்மா ஒருத்தி மகளின் தலையை வாருகிறாள். இரண்டாவதில் மகள் கரையில் நிற்கிறாள். பின்னால் பாதி கட்டிய பாலத்தின் தூண்கள். மூன்றாவதில் மேசையொன்று, கோப்பு ஒன்று, அதன்மேல் இன்னொரு கோப்பு. நான்காவதில் வெறும் நீர். விபத்தை வரையவேயில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் எவருக்கும் அது விளங்கும். கேள்வி யாரை நோக்கி எழுகிறது என்பதும் விளங்கும்.

நான்கு கட்டம் என்ற இறுக்கம் செய்யும் வேலை இதுதான். எதை விடுவது என்று முடிவு செய்ய வைக்கிறது. பிரச்சினையின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு ஒரு நாளின் ஒரு தருணத்தைத் தேடச் சொல்கிறது. ‘போக்குவரத்துப் பிரச்சினை’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர், தலைவாரும் கையைப் பார்த்து நிற்பார்.

புகைப்படம் இருக்கும்போது ஏன் வரைய வேண்டும் என்று கேட்கலாம். கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு கனத்த பதில் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்களுடைய உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் நகரில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். புகைப்படம் என்ன செய்ய வல்லது என்பதையும், அதற்கு என்ன விலை கேட்கப்படும் என்பதையும் ஒரே மாதத்தில் கண்ட நகரம் இது. சாட்சியத்துக்குப் புகைப்படமே வேண்டும். அந்த இடத்தைக் கோட்டுச் சித்திரம் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது.

ஆனால் முகத்தைக் காட்ட முடியாத கதைகள் இங்கே ஏராளம். நுண்கடன் எடுத்துவிட்டு, வாரந்தோறும் தவணை கேட்டு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்கதவால் அயல்வீட்டுக்குப் போகும் பெண்ணைப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. வரையலாம். அவளுடைய முகத்தை மாற்றலாம், பெயரை மாற்றலாம், ஊரைக்கூட மாற்றலாம். மோட்டார் சைக்கிள் சத்தத்தை மட்டும் மாற்றக்கூடாது. அதைக் கேட்ட பெண்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில் தங்களைக் காண்பார்கள். எவரும் எவரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இந்த மறைப்பு இல்லாவிட்டால் அந்தக் கதை சொல்லப்படாமலே போயிருக்கும்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். படக்கதை சுருக்கெழுத்துப் போன்றது. ஓர் ஆளை நான்கைந்து கோட்டில் சொல்லியாக வேண்டும். வேறு ஊரில் அது கலை நுட்பம். இங்கே அது தீயோடு விளையாட்டு. தொப்பி போட்டால் ஒருவர், பொட்டு வைத்தால் இன்னொருவர், வெள்ளைச் சாரமும் மேற்சட்டையுமாக நின்றால் மற்றவர். கை பழகிவிட்டால் இந்தக் குறிகள் தாமாக வந்து விழும். பிறகு வட்டிக்காரருக்கு எந்தத் தொப்பி, அதிகாரிக்கு எந்தச் சட்டை, குடிகாரருக்கு எந்த நெற்றி என்பதையும் கை தானாகவே தீர்மானித்துவிடும். 2018இல் நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் அபாயா அணிவது தொடர்பாக எழுந்த முறுகல் நாடெங்கும் பேசப்பட்டது. ஓர் உடையின் ஓரக்கோடு இந்த ஊரில் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் அந்தப் பாரம் இன்னும் கூடியது.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. மூதூர் முஸ்லிம் பிள்ளையும் நகரத்துத் தமிழ்ப் பிள்ளையும் சேருவிலச் சிங்களப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து வரைய வேண்டும். மற்றவர் சமூகத்து முகத்தை ஒருவர் வரைய, அதை அந்த மற்றவர் பார்த்து ‘இப்படியா நாங்கள் உங்களுக்குத் தெரிகிறோம்’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி நோகும். ஆனால் அது சுவரில் ஒட்டிய பிறகு வருவதைவிட, பென்சிலால் அழிக்கக்கூடிய நேரத்தில் வருவது நல்லது.

மொழியும் இதே மேசையில் தீரவேண்டிய விடயம். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதிய பிறகும், தனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைபவரை எங்கும் காணலாம். அந்த அலைச்சலே ஒரு படக்கதை. இரண்டு மொழியிலும் எழுதினால் குமிழ் நிறைந்து படம் மூழ்கிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் சொல்லைக் குறைத்துக்கொண்டு போவார்கள். தமிழுக்கு ஒரு பிரதி, சிங்களத்துக்கு ஒரு பிரதி என்று குமிழை மட்டும் மாற்றி எடுப்பதும் ஒரு வழி. தமிழ்க் குமிழுக்குள்ளும் கவனம் வேண்டும். கிண்ணியா வீட்டில் ‘வாப்பா’ என்றும் சம்பூர் வீட்டில் ‘அப்பா’ என்றும் எழுதினால்தான் கதை அந்த வீட்டுக்குள் நுழையும். பாடநூல் தமிழில் பேசும் மீனவரை எந்த மீனவரும் நம்பமாட்டார்.

சுனாமிக்கும் போருக்கும் பின்னர் இந்த மாவட்டம் கண்ட சுவரொட்டிகள் கொஞ்சமல்ல. கையைக் கழுவுங்கள், கண்ணிவெடி கவனம், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள், ஒற்றுமையாக வாழுங்கள். பல பயன்பட்டன; கண்ணிவெடி எச்சரிக்கை உயிர் காத்தது. ஆயினும் அவை எல்லாம் மேலிருந்து கீழே பேசியவை. ஊர்ப் படக்கதைக்கு இருக்கும் பெரிய ஆபத்து, அதுவும் மெல்ல மெல்ல அப்படி ஒரு சுவரொட்டியாகிவிடுவதுதான். 2017இல் நாடு அதுவரை காணாத அளவில் டெங்கு பரவியபோது மார்ச் மாதத்தில் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. மரணங்கள் நிகழ்ந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன. விழிப்புணர்வுச் சுவரொட்டி அதைப் பற்றி என்ன சொல்லும்? சிரட்டையைக் கவிழ்த்து வை, வளவைக் கூட்டு. சரியான அறிவுரை. அந்தத் தெருவில் வாழ்பவர் வரைந்தால் வேறொன்றும் வரும்: கூட்டித் துடைத்த வளவு, வேலிக்கு அப்பால் மாதக்கணக்கில் அள்ளப்படாத வடிகான். ஒரு கட்டம் கூடியதும் பொறுப்பு ஒருவர் தலையிலிருந்து இருவர் தலைக்குப் போகிறது. நிதி கொடுப்பவர் சில வேளை முதல் படத்தை மட்டுமே விரும்புவார். தலைப்பு முன்கூட்டியே தரப்பட்டு, முடிவும் முன்கூட்டியே தரப்பட்டு, கடைசிக் கட்டத்தில் எல்லோரும் கைகோத்துச் சிரிக்கும் படக்கதையை ஒரு பிள்ளை வரைந்தால், அவளிடமிருந்து வாங்கப்பட்டது கையுழைப்பு மட்டுந்தான்.

உண்மை பார்ப்பதும் வரைபவரின் வேலை. சுருக்குவலைப் பிரச்சினையை எடுங்கள். கரைக்கு அண்மையில் நிபந்தனை மீறிப் போடப்படும் சுருக்குவலை கூட்டம் கூட்டமாக மீனை அள்ளிவிடுகிறது, கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரருக்கு வலையின் வெறும் மடி மிஞ்சுகிறது என்பது நெடுநாள் முறைப்பாடு. அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தவர்களுக்கு இது தொழில் இழப்பு மட்டுமல்ல, ஒரு கூட்டு வாழ்வின் இழப்பு. அதே கடலில் சுருக்குவலைப் படகில் நாட்கூலிக்குப் போகிறவரும் இதே மாவட்டத்தவர்தான். அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். அவரை மீசை முறுக்கிய வில்லனாக வரைந்தால் அந்தப் படக்கதை ஒட்டிய அன்றே ஒரு கிராமத்தை இழந்துவிடும். யார் அனுமதி கொடுத்தார்கள், எத்தனை படகுகளுக்கு, என்ன நிபந்தனையில் என்று கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதக் காகிதமும் பொறுமையும் போதும். கிடைத்த பதிலையே இரண்டாம் கட்டமாக வைக்கலாம்; பதில் கிடைக்காததையும் வைக்கலாம்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் இளையோரிடம் மறைக்கக்கூடாது. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. அந்தத் தமிழை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதில் தீவிரவாதத்துக்கு எதிரான குரலைக் கண்டார்கள். கைது செய்தவர்கள் வேறு எதையோ கண்டார்கள். படத்துக்கும் இது நேரலாம். ஆகவே தனியாக வரைந்து தனியாக ஒட்டுவதைவிட, மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ அறிய, அவர்கள் இடத்தில் ஒட்டுவது நல்லது. கோழைத்தனம் என்று எவரும் நினைக்க வேண்டாம். ஊர் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட தாளைக் கிழிப்பது கடினம்.

வரைபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. அவர்கள் நிலத்தில் 500 மெகாவாட் அனல் மின் நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. பிறகு அதே சம்பூருக்குச் சூரிய மின் திட்டம் வந்தது. இடப்பெயர்வின்போது கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவருக்கு இன்று இருபது வயதை எட்டும் பருவம். அவருக்கு ஊர் என்பது முதலில் தாயின் வாயால் கேட்ட கதை, பிறகு 2015இல் காணி விடுவிக்கப்பட்டபோது பற்றைக்குள் தேடிக் கண்டுபிடித்த கிணறு. இப்படிப்பட்டவர் பாடசாலையில் சித்திர பாடத்தில் திருவிழாவையும் சந்தையையும் வரைந்து பழகியிருப்பார். கூட்டத்தை நிரப்பிக் கட்டுவதற்கு அந்தப் பயிற்சி நல்லது. ஓவியத்தை மேலே படிக்க விரும்பினால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பெரும்பாலானோர் அவ்வளவு தூரம் போக வாய்ப்பதில்லை. கடையில் வேலை, ஓட்டோ, வெளிநாட்டுக்கான கடவுச்சீட்டு என்று பாதை பிரிந்துவிடுகிறது. மாலையில் ஒரு மேசையும் நாலு பேரும் மை போத்தலும் கிடைத்தால் அவர்கள் வரைவார்கள். அந்த மேசையைக் கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் வாசிகசாலை ஒன்று பூட்டிக் கிடக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே வாடைக்காற்றும் மழையும். பசை பிடிக்காது, மை கரையும், தாள் இரண்டு நாள் தாங்காது. அந்த மாதங்கள் கேட்பதற்கும் எழுதுவதற்கும் வரைந்து அழித்து மீண்டும் வரைவதற்கும் உரியவை. பங்குனியில் கடல் ஆறும். மீனவர் தங்கும் வாடிகளில் ஆட்கள் சேர்வார்கள். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து தொழிலுக்கு வருகிறவர்களும் வந்து இறங்குவார்கள். விடியலில் கரைவலை இழுத்து முடித்து, மீன் பிரித்து, ஏலம் தொடங்கும்வரை நாற்பது ஐம்பது பேர் சும்மா நிற்கும் அரை மணி நேரம் ஒன்று உண்டு. இரண்டு மொழிப் பிரதிகளையும் வாடியின் தட்டியில் ஒட்டுவதற்கு அதுதான் நேரம்.